பதினெட்டுக்குள் மூன்று: நமது இட ஒதுக்கீடு நீதிமன்றங்களில் நடந்து வந்த பாதை

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கிற்று. பட்டியல் சாதியினர்க்குரிய இட ஒதுக்கீட்டினுள், அவர்களிலும் மிகப் பின்தங்கி நிற்கும் பிரிவினர்க்கு ஒரு பங்கைத் தனியே ஒதுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அறுவர் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் நம் மரக்காணம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பலவகைப் பேச்சுகள் உலவின. "நமக்கிருந்த பதினெட்டும் போய்விட்டதாமே?" என்று கேட்டவர் உண்டு. "தகப்பன் அரசு ஊழியனாயிருந்தால் இனிப் பிள்ளைக்கு ஒதுக்கீடு கிடையாதாமே?" என்று கலங்கியவரும் உண்டு. இரண்டும் உண்மையல்ல. எனினும் வாயால் மறுத்துச் சொன்னால் அச்சம் தீர்வதில்லை. இந்த ஒதுக்கீடு எங்கே பிறந்தது, எத்தனை வழக்குகளைக் கடந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எது போகும், எது போகாது என்பது விளங்கும். ஆதலின் நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றையே எழுதத் துணிந்தோம். நாம் வக்கீல் தொழில் பயின்றவர் அல்லோம். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் பணியினோம். அந்த அளவிலேயே இக்கட்டுரையைக் கொள்க.

கதை நம் சென்னை மாகாணத்தில்தான் தொடங்குகிறது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. சில ஆண்டுகள் ஏட்டளவில் கிடந்து, 1920களின் இறுதியில் அது நடைமுறை கண்டது. பன்னிரண்டு பணியிடங்கள் ஒரு சுற்று. அதில் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒன்று. 1947இல் ஆணை திருத்தப்பட்டபோது சுற்று பதினான்காயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. (அரிசனர் என்பது அந்நாளைய அரசாணையின் சொல், நாம் விரும்பி எழுதும் சொல்லன்று.) மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கவும் இதே கணக்குத்தான். பதினான்கில் இரண்டு என்பது பெரும் பங்கு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த இரண்டு இடங்களின் வழியேதான் சேரியிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியின் படியேற முடிந்தது.

1950 ஜனவரி 26இல் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே செண்பகம் துரைராசன் என்னும் பிராமணப் பெண்மணி, இந்த ஆணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். பொறியியற் கல்லூரியில் இடம் பெறாத சீனிவாசன் என்பவரும் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் அரசியல் சாசன வரைவுக் குழுவில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செண்பகம் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை! உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் இதைக் குறிப்பிட்டிருக்கிறது. ஆயினும் வழக்கைத் தள்ளவில்லை.

1950 ஜூலை 27இல் உயர் நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதை ஒருமனதாக உறுதி செய்தனர். அரசு நடத்தும் கல்வி நிலையத்தில் சமயம், இனம், சாதி, மொழி என்னும் காரணம் மட்டும் கொண்டு எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது சாசனத்தின் 29(2)ஆம் பிரிவு. அதுவே தீர்ப்பின் ஆதாரம். நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு பேண வேண்டும் என்று கூறும் 46ஆம் பிரிவு வெறும் வழிகாட்டு நெறி, அது அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டதே என்றும் நீதிபதிகள் கூறிவிட்டனர்.

அதே நாளில், அதே நீதிபதிகள், அதே ஆணையைப் பற்றி இன்னொரு தீர்ப்பும் வழங்கினர். அது மாவட்ட முன்சீப் பதவி பற்றிய வெங்கடரமணா வழக்கு. அரசுப் பணியைப் பொறுத்தவரை சாசனத்தின் 16(4)ஆம் பிரிவு பின்தங்கிய வகுப்பினர்க்கு ஒதுக்கீடு செய்ய இடம் தருகிறது. ஆகையால் அரிசனர்க்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றப் பங்கீடு செல்லாது என்றனர். ஆக, ஒரே நாளில் நம்மவர் முன்சீப் ஆகலாம் என்று ஒரு தீர்ப்பும், முன்சீப் ஆவதற்கு முன் படிக்க வேண்டிய கல்லூரியில் நமக்கென இடமில்லை என்று ஒரு தீர்ப்பும் வந்தன. கல்விக்கு 16(4) போன்ற ஒரு வாசகம் சாசனத்தில் இல்லாமற் போனதே இதற்குக் காரணம்.

பெரியார் தலைமையில் மாகாணமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. நடுவணரசில் சட்ட அமைச்சராயிருந்த அண்ணல் அம்பேத்கர், 1951 மே மாதத்தில் பாராளுமன்றத்தில் பேசுகையில் அத்தீர்ப்புச் சிறிதும் நிறைவளிப்பதாயில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். 1951 ஜூன் 18இல் முதல் சாசனத் திருத்தம் நிறைவேறி 15(4)ஆம் பிரிவு பிறந்தது. ஏப்ரல் 9க்கும் ஜூன் 18க்கும் இடையே எழுபது நாட்கள். நம் பிள்ளைகள் இன்று கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் நிரப்பும் அந்த ஒரு கட்டத்தின் பிறப்பு இதுவே.

பின்னர் வந்த வழக்குகள் பல. 1962இல் தீர்ப்பான மைசூர் பாலாஜி வழக்கில், 68 விழுக்காடு ஒதுக்கிய மைசூர் அரசின் ஆணை வீழ்ந்தது. ஒதுக்கீடு என்பது சமத்துவத்துக்கு ஒரு விதிவிலக்கு, பொதுவாக 50 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது. "விதிவிலக்கு" என்னும் அந்தச் சொல் நம்மை வெகுகாலம் உறுத்திற்று. ஏதோ இரக்கப்பட்டு அளித்தது போன்ற தொனி அதற்கு உண்டு.

அந்தத் தொனியை மாற்றியது 1975 செப்டம்பரில் வந்த தாமஸ் வழக்கின் தீர்ப்பு. கேரளப் பதிவுத் துறையில் எழுத்தர்கள் பதவி உயர்வு பெறத் துறைத் தேர்வு எழுத வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்கள் அத்தேர்வில் தேறுவதற்கு அரசு கூடுதல் காலம் அளித்தது. நிரப்பிய 51 இடங்களில் 34 அவ்வாறு காலநீட்டிப்புப் பெற்றவர்க்குச் சென்றன. தாமஸ் என்ற எழுத்தர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றத்தின் எழுவரில் ஐவர் அரசின் செயல் சரியே என்றனர். சமமற்றவரைச் சமமாக நடத்துவது சமத்துவம் ஆகாது. எனவே ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு முகமே என்பது அவர்கள் கருத்து. வகுப்பறையில் சமத்துவம் பற்றிப் பாடம் எடுக்கையில் இந்த ஒரு வழக்கைச் சொன்னாலே போதும் என்பது நம் எண்ணம். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஓர் எச்சரிக்கையும் செய்தார்: பின்தங்கிய வகுப்பின் மேல்தட்டினரே பயனை அள்ளிக்கொண்டு, அவ்வகுப்பிலேயே நலிந்தவரை நலிந்தவராகவே விட்டுவிடும் அபாயம் உண்டு என்று. அந்த எச்சரிக்கை ஐம்பதாண்டுகளுக்குப் பின் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

1992 நவம்பர் 16இல் தீர்ப்பான மண்டல் வழக்கை அனைவரும் அறிவர், அதனை விரிக்கவில்லை. ஒன்பது நீதிபதிகள் 50 விழுக்காட்டு வரம்பை உறுதி செய்தனர். பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவினரை, அதாவது 'கிரீமி லேயர்' எனப்படுவோரை, விலக்கச் சொன்னார்கள். இது பட்டியல் சாதியினரைப் பற்றிய பேச்சன்று என்றும் தெளிவுபடுத்தினார்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு அவ்வரம்பில் சிக்காமல் இருக்க, மாநிலச் சட்டம் இயற்றப்பட்டு 1994இல் 76ஆம் திருத்தத்தால் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1.

நிற்க. இதுவரை நாம் கண்டது நமக்கும் பிறர்க்கும் இடையே நடந்த வழக்கு. இனிக் காணப்போவது நமக்குள்ளேயே எழுந்த வழக்கு. இதனை எழுதுவது சற்றுக் கடினம். எனினும் கல்விச் சங்கத்தின் மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

பட்டியல் என்பது 1950 ஆகஸ்டு 10ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணை. தீண்டாமை என்னும் ஒரே கொடுமையால் பலநூறு சாதிகள் அதில் ஒருங்கே சேர்க்கப்பட்டன. ஆனால் அவை ஒரே நிலையில் இருந்தனவா? 1965இல் லோகூர் குழு, சற்று முன்னேறிய சில சாதிகளைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது தவறான மருந்து. எதிர்ப்பு எழுந்தது, கைவிடப்பட்டது. பஞ்சாப் அரசு 1975இல் வேறு வழி கண்டது. யாரையும் நீக்காமல், பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டில் பாதியை வால்மீகி, மஸபி சீக்கியர் என்னும் இரு பிரிவினர்க்கு முதலில் அளிக்க ஆணையிட்டது. அவர்கள் துப்புரவுப் பணியோடு பிணைக்கப்பட்டவர்கள். ஆந்திரத்தில் மாதிகர்கள் 1994 முதல் போராடினர். மாநில அரசு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் 15 விழுக்காட்டை நான்காகப் பிரித்து 1, 7, 6, 1 என்று அளித்தது. 2004 நவம்பர் 5இல் சின்னையா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அச்சட்டத்தை வீழ்த்தியது. பட்டியலில் உள்ள சாதிகள் அனைத்தும் சேர்ந்து ஒரே வகுப்பு; 341ஆம் பிரிவின்படி அதில் கை வைக்கும் உரிமை பாராளுமன்றத்துக்கே உண்டு, மாநிலத்துக்கு இல்லை என்பது அத்தீர்ப்பு. அதைக் காட்டிப் பஞ்சாபின் ஆணையும் 2006இல் வீழ்ந்தது. பஞ்சாப் அவ்வாண்டே அதனைச் சட்டமாக்கிற்று. 2010இல் அதுவும் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அந்த மேல்முறையீடே தேவிந்தர் சிங் வழக்கு என்ற பெயரில் 2024இல் முடிந்தது.

இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே தமிழ்நாடு செயல்பட்டது. நீதியரசர் எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009இல் அருந்ததியர் சட்டம் வந்தது. பட்டியல் சாதியினர்க்குரிய இடங்களில் 16 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு, அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகர், பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்னும் ஏழு பிரிவினர்க்கு முன்னுரிமையாக அளிக்கப்படுகிறது. ஆக, பதினெட்டு பதினெட்டாகவே நிற்கிறது. 2024 தீர்ப்பால் தமிழ்நாட்டில் புதிதாக எந்த இடமும் யாரிடமிருந்தும் எடுக்கப்படவில்லை. 2009 முதல் நடந்து வருவது சட்டத்தின் முன் செல்லுமா என்றிருந்த ஐயம் நீங்கிற்று. அவ்வளவே.

அந்தத் தீர்ப்பில் ஐவகைக் கருத்துரைகள் ஆறு நீதிபதிகளின் பக்கத்திலும், ஒன்று மறுபக்கத்திலுமாக உள்ளன. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் கூறியதன் கருத்து இது: பட்டியலில் சேர்ப்பது யார் யார் என்று அடையாளம் காட்டுவதற்கே, அதனால் அனைவரும் ஒரே நிலையினர் என்று ஆகிவிடாது. பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் பாராளுமன்றத்தின் உரிமை. உள்ளே பங்கிடுவது பட்டியலைத் தொடுவதாகாது. ஆனால் மாநில அரசு தன் விருப்பம்போல் பங்கிட இயலாது. இன்ன பிரிவினர் போதிய அளவில் இடம்பெறவில்லை என்பதற்குக் கணக்கு வேண்டும். ஒரே பிரிவுக்கு முழு ஒதுக்கீட்டையும் அளித்து மற்றவரை வெளியே நிறுத்தலாகாது. எதுவாயினும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே. மாறுபட்டுத் தீர்ப்பளித்த நீதிபதி பேலா திரிவேதியின் வாதத்தையும் இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. மாநிலங்களுக்கு இவ்வதிகாரம் போனால் தேர்தற் கணக்குப் புகும், பட்டியலின் நோக்கம் சிதையும் என்ற அச்சத்துக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது.

பெரும்பான்மையில் ஒருவரான நீதிபதி பி.ஆர். கவாய், தாமும் இதே மக்களிடையே பிறந்தவர். உள் ஒதுக்கீட்டை எதிர்க்கும் பட்டியல் சாதியினரை, முண்டியடித்து இரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டு அடுத்தவர் ஏறாதபடி கதவை அடைக்கும் பயணிக்கு ஒப்பிட்டார். அது நம்மைச் சுடத்தான் செய்கிறது. ஏனெனில் வடதமிழ்நாட்டின் இக்கரையில் பட்டியலினத்தாருள் பெரும்பான்மையோர் நாமே. அருந்ததியர் மேற்கு மாவட்டங்களில் மிகுந்தும் இங்கே குறைந்தும் வாழ்கின்றனர். அவர்கள் முகத்தைக் காணாமலே அவர்களைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிதாகி விடுகிறது.

நம்மவர் சொல்லும் குறைகளில் இரண்டு நியாயமானவை. ஒன்று, மூன்று விழுக்காடு நிரம்பிய பின்னும் தகுதி பெற்ற அருந்ததியர் மீதமுள்ள பதினைந்திலும் போட்டியிடலாம். மற்றவர் அந்த மூன்றில், அருந்ததியர் இல்லாதபோது மட்டுமே நுழையலாம். மற்றொன்று, இனச் சுழற்சியில் பட்டியல் சாதிக்கு வரும் முதல் இடமே அருந்ததியர்க்குச் செல்வதால், ஓரிரு பணியிடங்களுக்கு மட்டும் ஆள் எடுக்கும் துறைகளில் நம் பிள்ளைகளுக்கு முறை வருவது தள்ளிப்போகிறது. இவற்றை அரசிடம் எடுத்துக் கூறலாம், நீதிமன்றத்திலும் கூறலாம், சுழற்சிப் புள்ளிகளை மாற்றியமைப்பது இயலாத செயலன்று. ஆனால் இக்குறைகளைக் காட்டி உள் ஒதுக்கீடே கூடாது என்று வாதிடுவது நமக்குத் தகாது. 1951இல் செண்பகம் துரைராசனின் தரப்பு என்ன சொன்னது? சாதியைப் பார்க்காதே, அனைவரையும் ஒன்றாக நடத்து என்றது. அருந்ததியரை நோக்கி நாம் சொல்லும் சொல்லும் அதுவாகவே இருந்தால், தாமஸ் வழக்கில் நமக்குக் கிடைத்த நியாயத்தை நாமே கைவிட்டவர் ஆவோம். எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டசபையில் நமக்காக வாதாடிய அந்நாட்களில், அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமியும் அதே அவையில் இருந்தார். தம் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். அவருடைய பெயர் நம் மேடைகளில் ஏன் ஒலிப்பதில்லை என்று இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் உப்பளத்தில் வேலை செய்தவர்க்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மடை திறந்தால்தான் பாயும். முதற் பாத்திக்காரன் மடையைத் திறக்க மறந்தால் கடைமடைப் பாத்தியில் உப்பு விளையாது. வெடித்த சேறுதான் கிடக்கும். அதற்காக முதற் பாத்தியை யாரும் அழிப்பதில்லை.

அடுத்து, "தகப்பன் ஊழியனாயிருந்தால்" என்ற ஐயம். தேவிந்தர் சிங் வழக்கில் நான்கு நீதிபதிகள் பட்டியல் சாதியினர்க்கும் கிரீமி லேயர் காண வேண்டும் என்று எழுதினர். அது வழக்கில் எழுந்த கேள்வியன்று. எனவே கட்டுப்படுத்தும் தீர்ப்புமன்று. 2024 ஆகஸ்டு 9இல் நடுவணரசும் அவ்வாறு செய்யும் எண்ணமில்லை என்று அறிவித்தது. நம் கருத்தைக் கேட்டால், இது ஏற்கத் தக்கதன்று. தீண்டாமை சம்பளப் பட்டியலைப் பார்த்து விலகுவதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் சென்றதற்காக எழுந்த சச்சரவில் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. அங்கே வாசலில் நின்றவர்களிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை.

இனி, நாம் உண்மையில் கவலைகொள்ள வேண்டிய கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் பட்டியலினத்தாரின் பங்கு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது 1971இல். அப்போது பழங்குடியினரும் அதற்குள் அடக்கம். பின்னர் அவர்கட்கு ஒரு விழுக்காடு தனியே பிரிந்தது. அதன்பின் பதினெட்டு அசையவேயில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 இலட்சம், மொத்தத்தில் 20.01 விழுக்காடு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கும் மேல். பதினெட்டுக்குள் இருக்கும் மூன்றைப் பற்றி நாம் ஒருவரோடொருவர் வழக்காடிக் கொண்டிருக்கிறோம். வெளியே நிற்கும் இரண்டைக் கேட்பார் இல்லை.

கேட்டால் என்ன விடை வரும் என்பதும் தெரிந்ததே. 50 விழுக்காட்டு வரம்பைத் தமிழ்நாடு ஏற்கெனவே கடந்துவிட்டது என்பார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் கூறியிருப்பதால், 69 விழுக்காட்டுச் சட்டத்தின்மேலும் கத்தி தொங்குகிறது. ஆனால் 2019இல் 103ஆம் திருத்தம், நம்மையும் பிற்படுத்தப்பட்டோரையும் விலக்கிவிட்டு, ஏனையோருள் பொருளாதாரத்தில் நலிந்தவர்க்குப் பத்து விழுக்காடு அளித்தது. 2022 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் அதனை ஏற்றது. 50 என்பது நெகிழாத வரம்பன்று, அதுவும் சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டுக்கே பொருந்தும் என்றது பெரும்பான்மை. வரம்பு நமக்கு மட்டும் வேலியாகவும் பிறர்க்கு வாயிலாகவும் நிற்பது எவ்வாறு என்று தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுப்பிய வகையான கேள்விகளை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் படித்தாக வேண்டும். பாண்டி போகும் பேருந்தில் நாளிதழ் புரட்டும் நேரத்தில் அது முடியாது. உட்கார்ந்து படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

2024 தீர்ப்பின்படி எந்தப் பங்கீட்டுக்கும் கணக்கு வேண்டும் என்றோம். தெலங்கானா அக்கணக்கை எடுத்து, 2025 ஏப்ரல் 14 முதல் தன் 15 விழுக்காட்டை 1, 9, 5 என மூன்றாகப் பிரித்து நடைமுறைப்படுத்தியது. நாடு முழுமைக்குமான மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011க்குப் பின் 2021இல் நடந்திருக்க வேண்டியது, நடக்கவில்லை. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு, அனைத்துச் சாதிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. மார்ச் மாதம் உப்பு வாரும் காலம். விடியுமுன் அளத்துக்குச் சென்றவர்கள் வெயிலேறும்வரை திரும்பமாட்டார்கள். கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் கிழவிகளும் குழந்தைகளுமே இருப்பர். ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் நம் சங்க உறுப்பினர் இருவர், வீடுதோறும் பெயர், வயது, படிப்பு, தொழில், சாதி ஆகியவற்றை ஒரு நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்து, கணக்கெடுப்பாளர் எழுதுவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று செயற்குழுவின் முன் வைக்கிறோம். அருந்ததியர் வீடு ஊரில் ஒன்றேயாயினும் அதுவும் அந்நோட்டில் இடம்பெற வேண்டும்.